உட்காருங்க என்றால்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

எனக்கு முதுகுவலி எதுவும் இல்லை என்று இன்று மேலாளரிடம் நான் சொல்லவில்லை. எங்கள் கணக்கர் யாரும் கேட்காமலேயே தனக்கு மூலம் என்று அறிவித்தபோது, போன வாரம் அது இடுப்புப் பிடிப்பாக இருந்ததே என்று கேட்கவில்லை. மன அழுத்த ஆலோசகர் வாயைத் திறக்கும் முன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்தக் கட்டடத்தில் சொல்லிவிடாதீர்கள் என்று எச்சரிக்கவும் இல்லை.

தலையும் வாலும் இல்லாமல் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கம்பெனி நாற்காலி செய்கிறது என்பது உனக்குத் தெரியும். அங்கே இப்போது யாரும் உட்காருவதில்லை என்பது தெரியாது. அவரவர் இடத்தில் உட்காருகிறோம்; மேலாளர் அறையில் மட்டும் இல்லை. ஜனவரியிலிருந்து ஒன்பது பேரை வேலையை விட்டு அனுப்பியாயிற்று. ஒன்பது பேருக்கும் ஒரே முறைதான். வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். பேனாவை மூடுவார். "உட்காருங்க" என்பார். வெளியே வரும்போது கையில் ஓர் உறை இருக்கும். மற்ற நாட்களில் மனிதர் யாரையும் உட்காரச் சொன்னதே கிடையாது. ஆகவே, உட்காராவிட்டால் அவரால் விஷயத்தைச் சொல்ல முடியாது என்று எல்லோரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம். முதுகுவலி, மூலம், முழங்கால் பிசகல் என்று ஆளுக்கொரு வியாதி. வரைபடப் பிரிவு நெட்டையன் மட்டும் உண்மையாகவே முதுகுவலிக்காரன். அவனை யாரும் நம்புவதில்லை.

மிச்சமிருக்கிற எங்கள் மனநலத்துக்காக இன்று ஓர் ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். நல்ல பெண்மணி. எங்கள் கம்பெனியின் உயர்ந்த ரக நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. இன்னும் கனிவாக இரண்டாம் முறை சொன்னார். பேக்கிங் பிரிவு அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கடைசியில் பதினான்கு பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே மூச்சை இழுத்து இழுத்து விட்டோம்.

வீட்டுப்பாடமும் கொடுத்தார். அன்றன்று சொல்லாமல் விழுங்கியதை ஒரு கடிதமாக எழுத வேண்டும், பிறகு கிழித்துவிட வேண்டும். எழுதிவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன். அதனால் தபாலில் போடுகிறேன்.

அத்தான் எப்படி இருக்கிறார்?

உன் தங்கை

*

மார்ச் 8, ஞாயிறு

வாயில்லாப் பூச்சிக்கு,

நேரில் இருந்தால் மூணு வார்த்தை, காகிதத்தில் மூணு பக்கம். இத்தனை நாள் இதையெல்லாம் எங்கேடி வைத்திருந்தாய்? மத்தியானச் சாப்பாட்டின்போது உன் கடிதத்தை உரக்க வாசித்தேன். மூலம் வந்த இடத்தில் உன் அத்தான் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டதா, பாப்பா பயந்துபோய் அவர் முதுகைத் தட்டிவிட்டாள்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். மூடி ஆலையை மூடி ஏழு மாதம். (இந்த வாக்கியத்தை அவர் முன்னால் சொல்லக் கூடாது. ஒரு தடவை நான் சிரித்துவிட்டேன்.) முதல் மாதம் தூங்கினார். ரெண்டாம் மாதம் ஊரில் இருக்கிற எல்லா ஆபீசுக்கும் விண்ணப்பம் போட்டார். மூணாம் மாதத்திலிருந்து தன்னையே இந்த வீட்டுக்கு ஷிப்ட் மேற்பார்வையாளராக நியமித்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்கு விசில். முதல் ஷிப்ட் நான். டீ இடைவேளை பத்து நிமிஷம், பதினொன்றாவது நிமிஷம் வாசற்படியில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. அடுப்படிச் சுவரில் ஒரு பலகை: "கடைசி விபத்துக்குப் பின் கடந்த நாட்கள்". நாற்பத்தொன்று வரை வந்தது. நேற்று வெங்காயம் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டேன். பலகை பூஜ்யத்துக்குப் போய்விடுமே என்று சாயங்காலம் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு கையால் சோறு பரிமாறுகிறேன், அவர் என்னவோ நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பாப்பா தெருவில் விளையாடப் போக எழுத்தில் விடுப்பு கேட்க வேண்டும். போன வாரம் அவள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. துறைத் தலைவர் கையெழுத்து இல்லையாம். துறைத் தலைவர் நான்தான் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

சிரி, சிரி. நானும் சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். வீட்டுச் செலவைப் பற்றி நான் பேசவில்லை. யாரும் புதுத்துணி எடுப்பதில்லை, பழசையெல்லாம் பிரித்துத் தைக்கக் கொண்டுவருகிறார்கள், என் மிஷின் ஓடுகிறது. அந்த மனுஷனுக்கு எண்ணுவதற்கு ஏதாவது வேண்டும். பதினெட்டு வருஷம் பாட்டில் மூடி எண்ணினவர். இப்போது எண்ண ஒன்றும் இல்லாமல் நான் பெருமூச்சு விடுவதை எண்ணுகிறார். எந்த வேலையானாலும் சரி, எங்காவது இருந்தால் சொல்.

உன் அக்கா

*

மார்ச் 12, வியாழன்

அன்புள்ள அக்கா,

இன்று நான் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை மூன்று தடவை சொல்லவில்லை.

எங்கள் கிடங்குக்கு ஒரு பொறுப்பாளர் எடுக்கப் போகிறார்கள். ஆளை அனுப்புகிற கம்பெனி ஆள் எடுப்பானேன் என்று கேட்பாய். நாற்காலி விற்கவில்லை. விற்காததை எங்காவது அடுக்க வேண்டும், அடுக்கியதை யாராவது எண்ணி எழுத வேண்டும். எங்களிடம் வளர்ந்துகொண்டிருக்கிற ஒரே பிரிவு அதுதான். கிடங்கு உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணம். அத்தானுக்காகக் கேட்கலாம் என்று மேலாளர் அறைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்து, பேனா மூடியைக் கையில் எடுத்தார். அறை ஜன்னலைச் சாத்தத்தான் வந்தவள்போலச் சாத்திவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை இன்னொரு ஜன்னல். மூன்றாம் தடவை சாத்துவதற்கு ஜன்னல் மிச்சமில்லை. எல்லாவற்றையும் திறந்துவிட்டு வந்தேன்.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் புகார்ப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கால் ஆடுகிறது, துணி கிழிந்தது என்று வாங்கியவர்கள் எழுதினால் வருத்தம் தெரிவித்துப் பதில் போடுவது என் வேலை. வாங்கினால்தானே புகார் வரும்? பிப்ரவரியில் வந்தவை மொத்தம் நான்கு. அதில் மூன்றை எழுதியவர் ஒரே ஆள், ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலி இடது பக்கம் ஆடுகிறது. மரத்தின் இயல்பு பற்றியும் தரையின் சமநிலை பற்றியும் நான் அவருக்கு இரண்டு இரண்டு பக்கம் எழுதுகிறேன். அவர் என் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, மேலும் கேள்விகள் கேட்டு அனுப்புகிறார். தச்சரை அனுப்பச் சொல்லி மட்டும் நான் யாருக்கும் எழுதவில்லை. போனால் சரிசெய்துவிடுவார். என் பிழைப்பு முழுவதும் அந்த ஒற்றைக் காலில் நிற்கிறது.

இந்தக் கடிதத்தை அத்தானுக்கு வாசிக்காதே. வீணாக ஆசை வைத்துவிடுவார்.

உன் தங்கை

*

மார்ச் 17, செவ்வாய்

கண்ணு,

இன்றைக்கு அவர் விசில் ஊதவில்லை.

நானாகவே ஆறு மணிக்கு விழித்துவிட்டேன். ஆறேகால் வரை காத்திருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், கண் திறந்துதான் இருந்தது. டீயை வைத்தேன். வேண்டுமென்றே அடுப்படியில் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன், எழுந்து வந்து கடிகாரத்தைப் பார்க்கட்டும் என்று. வரவில்லை. பாப்பா விடுப்பு விண்ணப்பம் எழுதி நீட்டினாள். நாள் முழுக்க விளையாட்டு, மறுநாளும் விளையாட்டு என்று வேண்டுமென்றே அக்கிரமமாக எழுதியிருந்தாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். குழந்தை விளையாடப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்னங்க, உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை. யாருக்கு ஊதறேன்னு தோணிச்சு" என்றார்.

விசில் சத்தத்தை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். நீ எழுதியதை அவருக்கு வாசிக்கவில்லை. அந்தக் கிடங்கைப் பற்றிக் கேளடி. உனக்கு வாய் வராது, தெரியும். இந்த ஒரு தடவை மட்டும் எனக்காக வரவழைத்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 20, வெள்ளி

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை என்பதே உள்ளே போன பிறகுதான் உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று மேஜையில் இருந்த காகித எடையைப் பார்த்துப் பேசினேன். எங்கள் அத்தான் பதினெட்டு வருஷம் ஆலையில் மூடி எண்ணியிருக்கிறார், நாற்காலி மூடியைவிடப் பெரிய பொருள்தானே சார், எண்ணிவிடுவார் என்று சொன்னேன். இப்படி ஒரு சிபாரிசை அவர் இதுவரை கேட்டிருக்க மாட்டார். புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

அத்தானிடம் சொல்: நீலச் சட்டை. ஒன்பதரைக்கே வந்துவிட வேண்டும். மேலாளர் கடிகாரம் நான்கு நிமிஷம் மெதுவாக ஓடும், அதைத் திருத்த வேண்டாம். சுவரில் தீயணைப்பான் தலைகீழாக மாட்டியிருக்கும், அதையும் பார்க்காததுபோல இருக்கட்டும். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

இன்றைய தபாலில் ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம். "தங்கள் நாற்காலி இப்போது ஆடவில்லை. மற்ற மூன்று கால்களையும் நானே அறுத்துச் சமன் செய்துவிட்டேன். மேஜைதான் இப்போது சற்று உயரமாகத் தெரிகிறது. பொறுமையுடன் பதில் எழுதிவந்தமைக்கு நன்றி." வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்திருக்கிறது. கோப்பில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டேன்.

உன் தங்கை

*

மார்ச் 26, வியாழன்

கண்ணு,

உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. எல்லாம் என் வாயால் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் வந்தார். எப்படிப் போச்சு என்றேன். நன்றாகத்தான் போச்சு, கடிகாரத்தைத் திருத்தவில்லை என்றார். அப்புறம் கால் வலிக்கிறது என்று வெந்நீர் கேட்டார். ஏன் வலிக்கிறது என்று தோண்டித் துருவினால் கதை வெளியே வருகிறது. உள்ளே போனதும் உங்கள் மேலாளர் உட்காரச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் சார் என்றாராம். பரவாயில்லை உட்காருங்க என்றாராம். நிற்பதுதான் எனக்கு நல்லது சார் என்றாராம். இப்படியே நாற்பது நிமிஷம். தண்ணீர் கொடுத்தார்கள், நின்றுகொண்டே குடித்தார். ஏதோ படிவம் கொடுத்தார்கள், சுவரில் வைத்து நிரப்பினார்.

கடைசியில் அந்த மனுஷர் பொறுக்க முடியாமல் காரணத்தைக் கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "இங்க உட்கார்ந்தவங்க ஒன்பது பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு எங்க மச்சினி எழுதியிருந்தா சார். நான் வீட்டிலிருந்துதான் வர்றேன். திரும்ப அங்கேயே போக எனக்கு மனசில்லை."

உங்களுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்களே என்று கத்தினேன். "கேட்டார், சொன்னேன். இல்லாததை எழுதற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றார். பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வெந்நீரில் காலை வைத்தபடி, மச்சினி வேலைக்கு ஆபத்து வருமா என்று ரெண்டு தடவை கேட்டார். அவளுக்கு ஏதாவது ஆச்சு என்றால், அந்தக் கிடங்கு வேலையைத் தங்கத் தட்டில் வைத்து நீட்டினாலும் தொட மாட்டேன் என்கிறார். இப்போது உனக்காகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

உன் முதல் கடிதத்தை வாசித்துக் காட்டின வாய் என்னுடையது. என்ன ஆச்சு என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

ஏப்ரல் 10, வெள்ளி

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நடுவில் நீ போட்ட இரண்டு கார்டுகளும் வந்தன. அத்தானுக்கு நியமனக் கடிதம் வந்ததென்றும், மச்சினிக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். பதில் போடாததற்குக் காரணம் இருந்தது. இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

நீ கடைசியாகக் கடிதம் எழுதிய மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். வாசற்படியைத் தாண்டி ஓரடி வைத்து நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கியது தெரிந்தது. அந்த வார்த்தையைக் கேட்டால் எல்லோரும் பயப்படுகிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். முதுகுவலி, மூலம் எல்லாம் பொய்யா என்றார். நெட்டையனுடையது மட்டும் உண்மை சார் என்றேன். நின்றபடி கேட்டு யாராவது மயக்கம் போட்டு விழுந்துவிடக் கூடாதே என்றுதான் உட்காரச் சொல்லிவந்தாராம். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லையாம். அவருக்கு மேலே இருப்பவர் போனில் மூன்றே வார்த்தைதான் பேசுகிறாராம். அதில் ஒன்று, எத்தனை பேர் என்கிற எண்.

"வேற எப்படித்தாம்மா சொல்றது?" என்று கேட்டார்.

உண்மையாகவே கேட்டார், அக்கா. புகார்ப் பிரிவிடம் கேட்பதுபோலக் கேட்டார். ஐந்து வருஷமாக வருத்தம் தெரிவித்து எழுதிப் பழகியவள், ஒரு நல்ல வாக்கியம் யோசித்தேன். வந்தது வேறு.

"சொல்றப்போ நீங்க எழுந்து நில்லுங்க சார்" என்றேன். "சொல்லி முடிக்கிற வரைக்கும்."

மேஜை நாட்குறிப்பில் அதை எழுதிக்கொண்டார். பிறகு அத்தானைப் பற்றிப் பேசினார். கிடங்கில் இருந்த முந்தைய இரண்டு பேரும், மேலிடம் சந்தோஷப்படுகிற மாதிரி எண்ணிக்கை எழுதி அனுப்பிவந்தார்களாம். போய்ப் பார்த்தால் ஏட்டில் இருந்ததைவிட அறுநூறு நாற்காலி கூடுதலாக அடுக்கிக் கிடந்ததாம். "கேட்டதுக்கு உள்ளதைச் சொல்ற ஆள் வேணும். உங்க அத்தான் நாற்பது நிமிஷம் அதைத்தான் பண்ணினார்" என்றார். அத்தானின் நியமனக் கடிதத்தை அன்று மாலையே நான்தான் தட்டச்சு செய்தேன். ஓரிடத்தில் பிழை விட்டு மறுபடி அடித்தேன். கண் சரியாகத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளி, மூன்றாம் தேதி, மறுபடி கூப்பிட்டார். நான் உள்ளே நுழைந்ததும் பேனாவை மூடினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். மனிதர் இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மார்ச் மாதம் முழுவதும் வந்த புகார் ஒன்று, அதுவும் நன்றிக் கடிதம், அதனால் பிரிவை மூடுகிறோம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நின்றார். நன்றாகத்தான் சொன்னார். என்ன, நான்தான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து அவரும் உட்காரப் போனார், ஞாபகம் வந்து மறுபடி நிமிர்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். வெளியே இருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, எனக்குச் சம்பளம் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உனக்கு அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அத்தான் திங்கட்கிழமை சேர வேண்டும். நீ வாசித்துக் காட்டியிருப்பாய், அவர் தான் சொன்னதால்தான் எனக்கு வேலை போயிற்று என்று எண்ணி, நீலச் சட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார். அப்படி இல்லை என்று அவரிடம் சொல். அந்த ஆசிரியருக்கு ரம்பம் கிடைத்தபோதே என் வேலை போய்விட்டது.

சொல்லாமல் விடுவது எனக்குச் சுலபம் என்று நீ எப்போதும் சொல்வாய். இந்த ஒரு வாரம் சுலபமாக இல்லை. மூன்று தடவை தபால் பெட்டிவரை போய்விட்டுத் திரும்பினேன்.

குடியிருந்த அறையைக் காலி செய்துவிட்டேன். வேறு வேலை கிடைக்கும்வரை உங்களோடுதான் இருப்பேன். கேட்காமலே சொல்கிறேன், வேண்டாம் என்று நீ சொல்ல மாட்டாய் என்கிற தைரியத்தில். எனக்கு இருப்பது இரண்டு பெட்டி, அதில் ஒன்றரை புத்தகம். நாளை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். அனேகமாக இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன். அப்படியானால் இது வந்ததும் சாப்பாட்டு நேரத்தில் அத்தானுக்கு வாசித்துக் காட்டு, எதையும் விடாமல். நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறேன்.

அத்தான் ஆறாம் தேதி காலை எட்டு மணிக்குக் கிடங்கில் சேர்ந்தார் என்று பதிவேட்டில் பார்த்தேன். நான் இன்று மாலை ஐந்து மணிக்கு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

உன் தங்கை